நூறு வெள்ளி அபராதமும் மொட்டைக் கடுதாசிப் பிரிவும்: இணையவழிக் கொலைமிரட்டல் குறித்துத் தோட்டப்புறத்திலிருந்து சில கேள்விகள்

1. ஒரு தொகை எழுப்பிய கேள்வி

கோலாலம்பூரில் 2024 ஜூலை 5ஆம் நாள் ராஜேஸ்வரி அப்பாவு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். டிக்டாக்கில் ஈஷா என்ற பெயரில் மலேசியத் தமிழர்களிடையே அறிமுகமானவர். முந்தைய நாள்தான் போலீசில் புகார் கொடுத்திருந்தார். இணையத்தில் தம்மைத் தொடர்ந்து வந்த பாலியல் வன்கொடுமை, கொலை அச்சுறுத்தல்களைப் பற்றிய புகார் அது. அதே மாதத்தில் இருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பெண், 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 வெள்ளி அபராதம் கட்டினார். அந்தப் பிரிவு அனுமதிக்கும் உச்சத் தண்டனையே அவ்வளவுதான்.

அந்த 100 வெள்ளி நாட்டையே உலுக்கியது. சிரம்பான் சந்தையில் கீரை விற்கும் அம்மா வரைக்கும் அதைப் பற்றிப் பேசினார்கள். "சட்டமே இல்லையே" என்பதுதான் பொதுவாக எழுந்த குரல். அரசாங்கமும் ஏறத்தாழ அதையே ஏற்றுக்கொண்டது. பிரதமர் துறையில் சட்டப் பொறுப்பில் இருந்த அமைச்சர் அசாலினா ஒத்மான் சைட் புதிய பிரிவுகளைக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். மறுபக்கத்தில், பேச்சுரிமைக்காகப் போராடுவோர் வேறொரு கவலையை எழுப்பினார்கள்: இருக்கிற சட்டமே அளவுக்கு மீறி அகலமானது, இன்னும் அகலமாக்கினால் ஆட்சியைக் குறை சொல்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்றார்கள்.

இரண்டு தரப்பும் தண்டனையின் அளவையும் சட்டத்தின் அகலத்தையும் பற்றிப் பேசின. மிரட்டல் என்ற குறிப்பிட்ட செயலைத் தனியே எடுத்துப் பேசியவர்கள் குறைவு. அபராதம் கட்டிய அந்தப் பெண்மீது சுமத்தப்பட்டது அவமதிப்பு தொடர்பான குற்றச்சாட்டு. கொலைமிரட்டல் விடுத்தவர் அவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவமதிப்பையும் மிரட்டலையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்கியதால், மிரட்டலுக்கு இந்நாட்டில் சட்டமே இருந்ததில்லை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. இக்கட்டுரை அந்த எண்ணத்தைப் பரிசோதிக்கிறது. சட்டம் இருந்தது, நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கிறது, அது தோட்டப்புறத் தமிழரை நன்றாகவே அறியும் என்பது என் வாதம். புகார் கொடுத்த முதல் நாளிலிருந்து சில நாள்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் கோளாறு.

இதை நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்துப் பேசக் காரணம் உண்டு. இம்மாநிலத்தில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இந்தியர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் குடும்பக் கதை லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று ஏதாவதொரு தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் தொடங்கும். லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் செனவாங், ரசா பக்கத்துத் தரைவீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் தோட்டம் கலையவில்லை. அது புலனக் (வாட்ஸ்அப்) குழுவாகக் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. ஒருவருடைய தாத்தா எந்த லயத்தில் எந்த வீட்டில் இருந்தார் என்று தெரிந்தவர்கள் நூறு பேர் கூடியிருக்கும் குழுவில் "ஒன் வீடு எங்கன்னு தெரியும்" என்று ஒருவன் எழுதினால், அந்த வாக்கியத்துக்கு இருக்கிற கனம் அயல்நாட்டு முகமிலி ஒருவன் எழுதும் வாக்கியத்துக்கு இராது. அவனுக்கு உண்மையிலேயே வீடு தெரியும்.

2. மொட்டைக் கடுதாசிப் பிரிவு

தோட்டத்தில் பெரியவர்களைக் கேட்டால் மொட்டைக் கடுதாசி பற்றிச் சொல்வார்கள். விடியற்காலையில் கதவிடுக்கில் மடித்துச் செருகியிருக்கும். கையெழுத்து தெரியக்கூடாதென்று இடக்கையால் எழுதியிருப்பார்கள். கல்யாணத்தை நிறுத்து, மண்டோர் வேலையை விடு, இல்லாவிட்டால் பார் என்கிற வகை. போலிக் கணக்கு என்று நாம் இன்று சொல்வது இதன் பேரப்பிள்ளைதான்.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 507ஆம் பிரிவு இந்த மொட்டைக் கடுதாசிக்கென்றே எழுதப்பட்டது. பெயரை மறைத்து அல்லது தன் அடையாளமும் இருப்பிடமும் தெரியாமலிருக்க முன்னெச்சரிக்கை செய்துகொண்டு மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இரண்டாண்டு வரை கூடுதல் சிறை. அடிப்படைக் குற்றம் 503இல் இருக்கிறது: ஒருவருடைய உடலுக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ, அவர் அக்கறை கொண்ட இன்னொருவருக்கோ தீங்கு செய்வதாகச் சொல்வது, அவரை அச்சுறுத்தும் நோக்கத்தோடு, அல்லது அவர் செய்ய வேண்டியிராததைச் செய்ய வைக்கும் நோக்கத்தோடு சொல்வது. 506இல் தண்டனை. சாதாரண மிரட்டலுக்கு இரண்டாண்டு வரை. கொலை செய்வதாகவோ கொடுங்காயம் விளைவிப்பதாகவோ மிரட்டினால் ஏழாண்டு வரை.

503இன் கீழ் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உரிமையியல் வழக்கைக் கைவிடும்படி ஒருவரை வற்புறுத்த, அவர் வீட்டைக் கொளுத்திவிடுவதாக மிரட்டுகிறான் ஒருவன், அவன் குற்றவாளி. வீடு எரிந்ததா இல்லையா என்று சட்டம் கேட்கவில்லை. சொன்னதோடு குற்றம் முடிந்துவிட்டது. இந்த ஒரு புள்ளியை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "இன்னும் ஒண்ணும் நடக்கலையே" என்று போலீஸ் மேசையில் கேட்கப்படும் கேள்வி, சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்ட கேள்வி.

இந்தப் பிரிவுகள் எங்கிருந்து வந்தன? மெக்காலே தொடங்கிவைத்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து. எண்கள்கூட மாறவில்லை. நீரிணைக் குடியேற்றங்கள் 1871இல் அதைத் தம் சட்டமாக்கிக்கொண்டன. பேராக், சிலாங்கூர், பகாங்கோடு சேர்ந்து கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றாயிருந்த நெகிரி செம்பிலானுக்கும் அதே வாசகங்கள் வந்து சேர்ந்தன. தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறிய நம்மவர்கள் இறங்கிய மண்ணில், அவர்கள் ஊர்ப் போலீஸ் நிலையத்தில் இருந்த அதே 506 அவர்களுக்கு முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தது. இந்தியா 2024 ஜூலை முதல் அந்த எண்ணை விட்டுவிட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 351 என்று மாற்றிக்கொண்டது. நாம் இன்னும் பழைய எண்ணோடு இருக்கிறோம்.

3. தோட்டத்தில் அந்தச் சட்டம் யார் கையில் இருந்தது

இருந்த சட்டம் ஏன் மக்கள் நினைவில் இல்லை? இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு என்று கருதுகிறேன். தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தவரை, 'மிரட்டல்' குற்றச்சாட்டு அவனைக் காப்பாற்ற வந்ததில்லை. அவன்மேல் பாய வந்தது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பெருகியபோது, சங்க அமைப்பாளர்கள்மீது வழக்கமாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் இரண்டு: மிரட்டல், பணம் பறிப்பு. கருங்காலிகளை வேலைக்கு வைக்காதே என்று துரையிடம் சொல்வது எந்த இடத்தில் பேரமாக இருக்கிறது, எந்த இடத்தில் மிரட்டலாகிறது என்பதைத் தீர்மானித்தவர்கள், துரையோடு கிளப்பில் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள். 1948 ஜூனில், அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட அதே மாதத்தில், தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கக் கூட்டமைப்புகள் முடக்கப்பட்டன. மிரட்டல், பணம் பறிப்பு போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் சங்கப் பொறுப்பு வகிக்கத் தடை வந்தது. முதலில் குற்றவாளியாக்கு, பிறகு குற்றவாளி என்பதால் விலக்கு. இப்படி ஒரு சொல்லைக் கொண்டு ஒரு தலைமுறைத் தலைமையையே அப்புறப்படுத்த முடிந்தது.

லயத்துக்குள்ளே நடந்த மிரட்டலுக்கோ வேறு நீதி. குடிகாரப் புருஷன் "வெட்டிப் போட்டுருவேன்" என்றால், கள்ளுக்கடை வாசலில் பாராங் கத்தி உருவினால், பஞ்சாயத்து பேசித் தீர்த்தார்கள். தண்டலோ கிராணியோ ரெண்டு அதட்டு அதட்டி அனுப்பினார். பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போவது தோட்டத்தின் மானத்தைக் கெடுப்பதாகக் கருதப்பட்டது. ஆக, அரசின் சட்டம் தொழிலாளிக்கு எதிராகவும், பஞ்சாயத்தின் வழக்கம் பெண்ணுக்கு எதிராகவும் சாய்ந்திருந்தன. இன்று அந்தப் பஞ்சாயத்தும் இல்லை. புலனக் குழுவின் நிர்வாகி ஒருவரை நீக்கலாம், அவ்வளவே. நீக்கப்பட்டவன் தனிச்செய்தியில் வந்து மிரட்டுவான்.

4. அகலமான வலையும் 2012 அக்டோபரும்

இணையக் குற்றம் என்றதும் மலேசியாவில் எல்லாரும் நாடியது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவை. ஆபாசமான, அநாகரிகமான, பொய்யான, அச்சுறுத்தும் தன்மையுள்ள, புண்படுத்தும் செய்தியை எரிச்சலூட்டும், ஏசும், மிரட்டும் அல்லது தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அனுப்புவது குற்றம். இந்த வரிசையைக் கவனியுங்கள். எரிச்சலூட்டுவதும் மிரட்டுவதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒரே தண்டனையோடு. 50,000 வெள்ளியாக இருந்த அபராத உச்சம் 2025 பிப்ரவரியில் 5,00,000 வெள்ளியாக உயர்ந்தது; சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. 'புண்படுத்தும்' என்பது 'மிக மோசமாகப் புண்படுத்தும்' என்றானது. வரிசை கலையவில்லை.

இத்தகைய வாசகங்களுக்கு நீண்ட வம்சம் உண்டு. பிரிட்டனில் 1935இல் அஞ்சலகச் சட்டத்தைத் திருத்தியபோது, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த பெண்களிடம் கண்டபடி பேசுவோரை அடக்க எழுதிய சொற்கள் இவற்றின் முன்னோடி. அந்த வாசகம்தான் பின்னாளில் அங்கே டுவிட்டருக்கும் பாய்ந்தது. 2010இல், பனியால் மூடிய விமான நிலையத்தை வெடிவைத்துத் தகர்ப்பேன் என்று விளையாட்டாக எழுதிய இளைஞர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 2012இல்தான் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்பட்டமான வேடிக்கைப் பேச்சைப் படித்து எவரும் அஞ்சமாட்டார்கள், எனவே அது அச்சுறுத்தலாகாது என்றது அத்தீர்ப்பு.

தமிழர்கள் இதைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை. 2012 அக்டோபர் போதும். சென்னையில் பாடகி சின்மயி, தமக்கும் தம் தாயாருக்கும் எதிராக டுவிட்டரில் நடந்த ஆபாசத் தாக்குதலைப் பற்றிப் புகார் கொடுத்தார், இருவர் கைதாயினர். அதே மாதக் கடைசியில், புதுச்சேரியில் ஒரு வணிகர் கைதானார். கார்த்தி சிதம்பரம் பெரும் சொத்து சேர்த்திருப்பதாக எழுதியதுதான் அவர் செய்தது. இரண்டு வழக்கிலும் பாய்ந்தது ஒரே பிரிவு: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ. ஒரே வலையில் சுறாவும் நெத்திலியும். மூன்றாண்டுக்குள், 2015 மார்ச் 24இல், ஷ்ரேயா சிங்கல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே அடித்துத் தள்ளியது. எது எரிச்சல், எது அச்சுறுத்தல் என்று வரையறுக்காத சட்டம் நிற்காது என்றது.

மலேசியாவும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. அகதிகளுக்காக உழைக்கும் ஹெய்டி குவா, குடிநுழைவுத் தடுப்பு முகாம் நிலைமையைப் பற்றி 2020 ஜூனில் முகநூலில் எழுதியதற்காக 233இன் கீழ் 2021இல் குற்றஞ்சாட்டப்பட்டார். யாரையும் கொல்வதாகச் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்பிரிவிலிருந்த 'புண்படுத்தும்', 'எரிச்சலூட்டும்' என்ற சொற்கள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. வழக்கு அத்தோடு ஓயவில்லை. அரசாங்கம் கூட்டரசு நீதிமன்றத்தை நாடியது.

பேச்சுரிமையாளர்களின் கவலை நியாயமானது என்பதற்கு இவை சான்று. ஆனால் அவர்கள் வாதத்தில் விடுபடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அகலமான சட்டத்தால் பாதிக்கப்படுவோர் விமர்சகர்கள் மட்டுமா? மிரட்டப்பட்டவரும்தான். எரிச்சலூட்டும் பதிவுகளைப் பற்றிய ஆயிரம் புகார்களோடு ஒரு கொலைமிரட்டல் புகாரும் ஒரே கோப்பு வரிசையில் உட்காருமானால், அது தன் முறைக்குக் காத்திருக்கும்.

5. "லெத்தாக் மானா?"

சில ஆண்டுகளுக்கு முன்னால், ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த ஓர் இளம்பெண்ணுக்குத் துணையாகப் புகார் கொடுக்கப் போயிருந்தேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அவள் கைப்பேசியில் பதினொரு விநாடிக் குரல்பதிவு ஒன்று இருந்தது. "ஒன்ன போட்டுருவேன்டி. வீடு தெரியும், ஒன் தம்பி ஸ்கூல் விட்டு வர்ற நேரமும் தெரியும்." பின்னணியில் மோட்டார்சைக்கிள் உறுமும் சத்தம்.

மேசையிலிருந்த காவலர் நல்ல மனிதர். மலாயில் தட்டச்சு செய்து கொண்டே, என்ன சொன்னான் என்று கேட்டார். அவள் ஒரு கணம் தடுமாறி, "டியா நாக் லெத்தாக் சாயா" என்றாள். அவன் என்னை வைக்கப்போகிறான் என்று பொருள். 'போடு' என்பதற்கு அவள் நாவில் வந்த மலாய்ச் சொல் அது. காவலர் நிமிர்ந்து பார்த்து, "லெத்தாக் மானா?" என்றார். எங்கே வைப்பான்? கேலியில்லை, உண்மையாகவே புரியவில்லை. நான் குறுக்கிட்டு, கொல்வேன் என்கிறான் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, தெரிந்த ஆள் ஒருவர் தன்னை மிரட்டியதாக ஒற்றை வரியில் முடித்தார். தம்பி பள்ளி விட்டு வரும் நேரம் அந்தப் புகாரில் ஏறவேயில்லை. அடுத்த கட்டத்தில் அதைப் படிக்கும் அதிகாரிக்கு அது காதல் சண்டை என்றுதான் தோன்றியிருக்கும்.

இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மிரட்டல் முழுக்க முழுக்க சொல்லால் ஆன குற்றம். கத்திக்குத்துக்குக் காயம் சாட்சி. திருட்டுக்குப் பொருள் சாட்சி. இங்கே சொல்தான் ஆயுதம், சொல்தான் காயம், சொல்தான் சாட்சி. அந்தச் சொல் மொழிபெயர்ப்பில் உதிர்ந்தால் குற்றமே உதிர்ந்துபோகிறது. நம் தமிழில் கொலைமிரட்டல் 'கொலை' என்ற சொல்லோடு வருவதில்லை. போட்டுருவேன், தூக்கிருவேன், செஞ்சிருவேன், கதைய முடிச்சிருவேன், சங்கு ஊதிருவேன். எல்லாம் அன்றாட வினைச்சொற்கள். அகராதியை வைத்துப் பார்த்தால் எதிலும் இரத்தமில்லை. இதே சொற்களை நண்பர்கள் தேநீர்க் கடையில் சிரித்துக்கொண்டே பரிமாறிக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. சொல்லையும் சூழலையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் விசாரணையின் முதல் நாளிலேயே தேவை. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் அவர் கைக்குப் போகும் அளவுக்கு வழக்கு பிழைத்திருக்க வேண்டுமே.

6. சிம் அட்டை யார் பேரில்?

மிரட்டியவன் யார் என்பது அடுத்த சிக்கல். மலேசியச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் 114ஏ என்ற பிரிவு நுழைந்தது. ஒரு பதிவில் யார் பெயரோ படமோ இருக்கிறதோ, எந்த இணைய இணைப்பிலிருந்து அது போனதோ, அந்தப் பெயருக்கும் இணைப்புக்கும் உரியவரே வெளியிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். எதிர்ப்புத் தெரிவித்து அவ்வாண்டு ஆகஸ்ட் 14இல் பல இணையத்தளங்கள் தம் முகப்பை இருட்டாக்கிக்கொண்டன.

மிரட்டப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் இந்த அனுமானம் உதவியானது. போலிக் கணக்குக்குப் பின்னால் ஒளிந்தவனை இழுத்துவர அது ஒரு கொக்கி. ஆனால் தோட்டத்து வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். ப்ரீபெய்டு எண்களைப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2006இல் வந்தபோது, வீட்டில் அடையாள அட்டையோடு கடைக்குப் போனவர் யாரோ அவர் பேரில் எல்லா எண்களும் பதிவாயின. பல வீடுகளில் பேரன் பயன்படுத்தும் சிம் அட்டை பாட்டி பேரில் இருக்கிறது. பொது அருகலை (வைஃபை) ஒன்றை நாலு வீடு பகிர்ந்துகொள்கிறது. பால்மரம் வெட்டி ஓய்ந்த எழுபது வயதுக் கிழவி "நான் அனுப்பவில்லை" என்று நிரூபிக்க வேண்டிய நிலை வரலாம் என்பது வெறும் கற்பனையில்லை. நல்ல புலனாய்வு இருக்கும் இடத்தில் 114ஏ தேவைப்படாது. புலனாய்வு இல்லாத இடத்தில் அது அப்பாவியைப் பிடித்துக் கொடுக்கும். அதனால் இப்பிரிவைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

7. புதிய பிரிவுகள் எதை மாற்றின, எதை மாற்றவில்லை

ராஜேஸ்வரியின் மரணத்துக்குப் பிறகு, 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11இல் நடைமுறைக்கு வந்தன. மிரட்டியோ ஏசியோ அவமதித்தோ ஒருவருக்குத் தொல்லை, மனவேதனை, அச்சம் விளைவிக்க வேண்டுமென்ற நோக்கத்தோடு செய்தால் மூன்றாண்டு வரை சிறை. அந்த நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டாலும், கேட்பவருக்கு அவ்வச்சம் ஏற்படக்கூடும் என்றால் ஓராண்டு வரை. தொல்லை தாளாமல் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால் பத்தாண்டு வரை. ஒருவருடைய முகவரி, எண் போன்ற விவரங்களைத் தீங்கு நோக்கத்தோடு பரப்புவதும் இப்போது தனிக் குற்றம். வீடு தெரிந்தவர்கள் நிறைந்த தோட்டத்துக் குழுக்களுக்கு, இந்தக் கடைசிப் பிரிவே எல்லாவற்றையும்விட முக்கியமானது.

ஓராண்டுப் பிரிவைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. பேசியவன் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்காமல், கேட்டவர் மனத்தை வைத்து மட்டும் குற்றத்தை முடிவு செய்யலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் கவுண்டர்மன் வழக்கில் இதை எதிர்கொண்டது. ஒரு பாடகிக்கு முகநூலில் நூற்றுக்கணக்கான செய்திகள் அனுப்பியவனின் வழக்கு அது. தன் சொல் அச்சுறுத்தலாகத் தோன்றும் என்ற அபாயத்தை உணர்ந்தும் பொருட்படுத்தாமல் பேசினானா என்பதையாவது அரசுத் தரப்பு காட்டவேண்டும் என்றது நீதிமன்றம். அதன்படி அவனுடைய தண்டனை நிற்கவில்லை. அந்தப் பாடகி பட்ட பாட்டை நினைத்தால் கசப்பான முடிவு. ஆனாலும் அளவுகோல் சரி என்றே நினைக்கிறேன். 1948இல் நம் தாத்தாக்கள்மேல் பாய்ந்த குற்றச்சாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள், துரைக்கு அச்சம் ஏற்பட்டது என்பதை மட்டும் வைத்துத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை விரும்பமாட்டார்கள்.

புதிய பிரிவுகள் தொடாத இடம் நேரம். மலேசியக் குற்றவியல் நடைமுறை, குற்றங்களை வாரண்டின்றிக் கைது செய்யக்கூடியவை, கூடாதவை என்று பிரிக்கிறது. இரண்டாம் வகையில் முழு அதிகாரத்தோடு புலனாய்வு நடத்தவே அரசுத் தரப்பு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும். முதல் தாளில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ராஜேஸ்வரி புகார் கொடுத்ததற்கும் இறந்ததற்கும் இடையில் இருந்தது ஒரு நாள்.

வேகமாகச் செயல்பட இந்நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் சேர்த்த அவசரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது. சமூகநல அதிகாரி, விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் அதைப் பிறப்பிக்கலாம். நீதிமன்றம் போகத் தேவையில்லை. ஏழு நாள் செல்லும். ஆனால் அது குடும்பத்தாருக்கும் முன்னாள் கணவன் மனைவிக்கும் உரியது. காதலித்து விலகியவனிடமிருந்தோ, முகம் தெரியாதவனிடமிருந்தோ வரும் மிரட்டலுக்கு அது நீளாது. 2023இல் வந்த 507ஏ, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியது. அதற்கு ஒரு செயல் திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும். கொலைமிரட்டலை இரண்டாவது முறை கேட்கும்வரை காத்திருக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆகவே என் முடிவு இது. ஐந்து இலட்சம் வெள்ளி அபராதமும் பத்தாண்டுச் சிறையும் செய்யாத வேலையை, இரண்டு மணி நேர ஆணை செய்யும். 'எரிச்சலூட்டும்', 'புண்படுத்தும்' ஆகிய சொற்களைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மிரட்டலைத் தனியே நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தப்பட்ட மிரட்டலுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணையை யார் வேண்டுமானாலும் கோரும்படி விரிக்க வேண்டும். தமிழர் செறிந்த மாவட்டங்களில் புகார் எழுதும் மேசையில், தமிழ்ச் சொல்லைத் தமிழாகவே பதிந்து மலாய்ப் பொருளைப் பக்கத்தில் எழுதும் நடைமுறை வேண்டும். கடைசியில் சொன்னதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அது வரும்வரை, இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிரட்டல் வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். குரல்பதிவு, எண், நாள், நேரம் எல்லாம் அந்தக் கைப்பேசியிலேயே இருக்கட்டும். புகார் எழுதும்போது அவன் சொன்ன சொல்லை அப்படியே, எழுத்துப் பிசகாமல், தமிழ் ஒலியிலேயே முதலில் பதியச் சொல்லுங்கள். அதன் பொருளைப் பிறகு சொல்லுங்கள். 506, 507 என்ற எண்களை வாய்விட்டுக் கேளுங்கள். புகாரின் நகலை வாங்கி, கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். தம்பி பள்ளி விட்டு வரும் நேரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.